ஊர்க் குளத்து மீன் ஊர்ப் பொறுப்பில்: கொங்குப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவானி ஆற்றின் உபரி நீரைக் குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கியது. அதன் பிறகு, பல வருஷமாகச் சீமைக்கருவேலம் மட்டுமே நின்ற குளம் குட்டைகளிலும் தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் நின்றால் அடுத்த பேச்சு மீன்தான். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் கிராம சபைகளிலும் டீக்கடைகளிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எண் போட்டிருப்பதால் முன்னால் சொன்னதை மறுபடி சொல்லாமல் அந்த எண்ணைக் காட்டியிருக்கிறோம்.

1. "எங்கூருக் குளத்துல மீன் விடோணும்னா யாருகிட்டக் கேக்கோணும்? குளம் ஊருக்குச் சொந்தம்தானுங்களே?"

ஊர் பயன்படுத்துகிறது, ஆனால் ஆவணத்தில் பெயர் வேறு. பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல், ஆயக்கட்டு (குளத்துத் தண்ணீரில் பாயும் நிலம்) உள்ள குளம் நீர்வளத்துறையுடையது. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. சின்னக் குட்டைகள் ஊராட்சிக்குச் சேரும். கோவை நகரத்துக் குளங்களை மாநகராட்சி பராமரிக்கிறது. உங்கள் குளம் எதில் வருகிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் சர்வே எண்ணை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மீன் பிடிக்கும் உரிமை தனி. அதற்குப் பெயர் மீன்பாசிக் குத்தகை. அது ஏற்கெனவே யாரிடமாவது இருக்கிறதா, எந்தத் தேதியில் முடிகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். குத்தகை நடப்பில் இருக்கும்போது ஊர் சேர்ந்து குஞ்சு விட்டால், சட்டப்படி அது குத்தகைக்காரர் மீனாகிவிடும். ஒன்றியத்திலோ ஊராட்சியிலோ கேட்டும் தெளிவு கிடைக்கவில்லை என்றால் மாவட்ட மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள்.

2. "ஏலத்துல எடுத்தவரு மீன் விட்டுப் புடிச்சுக்கறாரு, பஞ்சாயத்துக்குப் பணம் வருது. ஊரு எதுக்கு நடுவுல வரோணும்?"

குத்தகைக்காரருக்கும் குளத்துக்கும் உள்ள உறவு குத்தகை முடியும் நாளோடு முடிகிறது. கடைசி மாதத்தில் மதகைத் திறந்து தண்ணீரை வடித்து, கையளவு குஞ்சு வரை வாரிக்கொண்டு போவது அவருக்கு லாபம். அடுத்த மாதம் சுற்றுக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கும்போது அவர் அங்கே இருக்க மாட்டார். பண்டம்பாடி (ஆடு மாடு) வைத்திருப்பவர்களும் தோட்டக்காரர்களும்தான் இருப்பார்கள். மீனுக்கான முடிவையும் தண்ணீருக்கான முடிவையும் வெவ்வேறு ஆட்கள் எடுத்தால் குளம் கெடும். இந்தத் தொகுப்பு முழுவதற்கும் அடிப்படை இதுதான்.

இதற்காக ஏலத்தையே ஒழிக்க வேண்டியதில்லை. ஏல அறிவிப்பு வரும் முன்பே நிபந்தனைகளைச் சேர்க்கச் சொல்லிக் கிராம சபையில் தீர்மானம் போடலாம். மதகைத் தொடக் கூடாது, கோழிக்கழிவு கொட்டக் கூடாது, சின்னக் கண்ணி வலை கூடாது, கேட்கும்போது கணக்கு காட்ட வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். ஏலம் முடிந்த பிறகு போய்ச் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

3. "சங்கம் எப்படி ஆரம்பிக்கறது? யாரெல்லாம் இருக்கோணும்?"

தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்தில் 6 நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் குளத்துத் தீர்மானத்துக்கு அது தோதான நாள். குளத்தின் பெயர், சர்வே எண், குழு உறுப்பினர்கள், என்ன உரிமை கேட்கிறோம், எத்தனை வருஷத்துக்கு என்பதெல்லாம் தீர்மானத்தில் எழுதப்பட வேண்டும். "குளத்தைப் பாதுகாப்பது" என்று பொதுவாக எழுதிய தீர்மானம் எந்த அலுவலகத்திலும் நகராது.

ஆயக்கட்டுக்காரர், கிணற்றுக்காரர், ஆடு மாடு மேய்ப்பவர், மகளிர் சுயஉதவிக் குழு, வலை போடத் தெரிந்தவர் என எல்லாத் தரப்பும் குழுவில் வேண்டும். வலை போடுகிறவர்கள் நம் ஊர்களில் சில குடும்பங்கள்தான், பெரும்பாலும் நிலம் இல்லாதவர்கள். "கூப்பிட்டா வந்து புடிச்சுக் குடுக்கட்டும்" என்று அவர்களைக் கூலியாளாக மட்டும் வைத்த இடங்களில் குளத்தைப் பற்றிய பாதி அறிவு கூட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. எந்த மூலையில் ஆழம், எங்கே அடிமரம் கிடக்கிறது, எந்தக் காற்றுக்கு மீன் எங்கே ஒதுங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பொறுப்பாளர்களில் ஒருவராவது அவர்களில் இருந்து வரட்டும்.

ஏற்கெனவே நீரினைப் பயன்படுத்துவோர் சங்கமோ உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கமோ இருந்தால் புதிதாக ஒன்று தொடங்காமல் அதோடு சேர்ந்து செய்யுங்கள். இல்லாவிட்டால் 1975-ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்யலாம். வங்கிக் கணக்கு இரண்டு பேர் கையெழுத்தில் இருக்கட்டும்.

4. "பத்து ஏக்கர் குளமுங்க. எத்தனை குஞ்சு விடறது?"

பத்து ஏக்கர் என்பது நிறைந்திருக்கும்போது உள்ள பரப்பு. குஞ்சுக் கணக்கைக் கோடையில் மிஞ்சும் பரப்புக்குப் போட வேண்டும். நிறைகுளத்தில் 4 ஹெக்டேர், மாசி பங்குனியில் 2 ஹெக்டேர் என்றால் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தீவனம் போடாத ஊர்க் குளத்துக்கு ஹெக்டேருக்கு 2,000 விரலளவுக் குஞ்சு போதும். ஆக 4,000. அதில் பாதி பிழைத்து, 7 மாதத்தில் ஒவ்வொன்றும் அரைக் கிலோ வந்தால் 1,000 கிலோ மீன்.

"இலவசமாக் கெடைக்குது" என்று 20,000 விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இரை அதே அளவுதான் இருக்கும், தின்னும் வாய் மட்டும் 5 மடங்காகும். ஆறு மாதம் கழித்து உள்ளங்கை நீளத்தில், தலை பெருத்து உடம்பு மெலிந்த மீன்தான் வலையில் வரும். அதை வியாபாரி வாங்க மாட்டார்.

5. "என்ன மீன் விடறது? ஜிலேபி தானா பெருகுமே, அதையே விட்டா என்ன?"

கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்று கெண்டைகளையும் சேர்த்து விடுங்கள். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். அதனால் இரைக்கு அதிகம் போட்டி இருக்காது. 4:3:3 விகிதத்தில், மேலே சொன்ன 4,000 குஞ்சுக்குக் கட்லா 1,600, ரோகு 1,200, மிர்கால் 1,200.

ஜிலேபி தானாகப் பெருகுவதுதான் சிக்கல். 1952-இல் இந்தியாவுக்கு வந்த இந்த மீன் 2, 3 மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும். தாய் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றுவதால் பெரும்பாலும் பிழைத்துவிடும். கொஞ்ச நாளில் குளம் முழுக்க விரல் நீள ஜிலேபிதான். நீங்கள் விடாவிட்டாலும் கால்வாய் வழியாக வந்து சேரும். வந்தால் மாதம் ஒருமுறை ஓரத்தில் வலை இழுத்துக் குறைத்துக்கொண்டே இருங்கள். கொஞ்சம் விரால் இருந்தால் அதுவே பாதி வேலையைப் பார்க்கும். குளம் முழுசாக வற்றும் வருஷம்தான் ஜிலேபியைத் துடைக்க நல்ல சமயம்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விடாதீர்கள். வளர்க்கவே தடை உள்ள மீன் அது. மற்ற மீனைத் தின்று தீர்ப்பதோடு, ஈரத்தில் நகர்ந்து அடுத்த குட்டைக்கும் போய்விடும்.

6. "போன தடவை விட்ட மறுநாளே குஞ்செல்லாம் மிதந்துச்சுங்க. எங்க வாங்கறது, எப்படி விடறது?"

பவானிசாகர், ஆழியாறு, மேட்டூர் பகுதிகளில் அரசு மீன்குஞ்சுப் பண்ணைகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் கேட்பவர்கள் அதிகம் என்பதால் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். 10 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு விரல் நீளம், வந்த குஞ்சாகக் கேளுங்கள். விலை குறைவு என்று ஒரு அங்குலக் குஞ்சு வாங்கினால் நீர்க்காகமும் விராலும் தின்றதுபோக ஒன்றும் மிஞ்சாது. பண்ணையில் ஒரு வட்டச் சட்டியில் கொஞ்சம் குஞ்சை விட்டுத் தண்ணீரைக் கையால் சுழற்றிப் பாருங்கள். நல்ல குஞ்சு சுழலை எதிர்த்து ஓரமாக நீந்தும், சோர்ந்தது நடுவில் போய்ச் சேரும்.

மறுநாள் மிதப்பதற்குப் பெரும்பாலும் காரணம் வெப்ப மாற்றம். வண்டியில் வந்த பையைப் பிரிக்காமல் குளத்தில் 15–20 நிமிஷம் மிதக்க விடுங்கள். பிறகு வாயைப் பிரித்து, கை கையாகக் குளத்துத் தண்ணீரைப் பைக்குள் சேருங்கள். பத்து நிமிஷம் கழித்துப் பையைச் சாய்த்துப் பிடித்தால் குஞ்சு தானாக வெளியே நீந்தும். உயரத்தில் இருந்து கொட்டக் கூடாது. விடுவது விடிகாலையிலோ பொழுது சாயும்போதோ இருக்கட்டும். விருந்தினர் வந்து போட்டோ எடுக்கும் வரை பைகளை மதிய வெயிலில் கரையில் வைத்திருந்தால் இந்தப் பாடு எல்லாம் வீண்.

7. "எங்க குளம் இப்பத்தான் மொத மொதல்ல நெறையுது. ஒடனே விட்டரலாமுங்களா?"

வேண்டாம், மூன்று வாரமாவது பொறுங்கள். காய்ந்து கிடந்த குளத்தில் முளைத்த புல்லும் சீமைக்கருவேல இலையும் தண்ணீருக்குள் அழுகும். அந்த அழுகல் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் டீ நிறத்தில் இருந்து, கலக்கினால் நாற்றம் அடித்தால் இன்னும் அடங்கவில்லை என்று அர்த்தம். அடுத்த கோடையில் கருவேலத்தை வேரோடு எடுத்துவிடுங்கள். வெட்டி மட்டும் விட்டால் அடிக்கட்டை ஒவ்வொன்றும் வலையைக் கிழிக்கும்.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். அத்திக்கடவுத் திட்டத்தில் வருவது பவானியின் உபரி நீர்தான். 1,045 குளம் குட்டைகளுக்கு மொத்தம் 1.5 டி.எம்.சி., வருஷத்தில் 70 நாள் எடுப்பது என்பது திட்டக் கணக்கு. பவானியில் உபரி இல்லாத வருஷம் உங்கள் குளத்துக்கும் வராது. அதனால் தண்ணீர் நின்ற பிறகு குஞ்சுக்குப் பணம் கட்டுங்கள்.

8. "கோழி எரு, கோழிக்கழிவு போட்டா மீன் சீக்கிரம் பெருக்குமாமே?"

பல்லடம், நாமக்கல் சுற்று வட்டாரத்தில் சுலபமாகக் கிடைப்பதால் இந்தக் கேள்வி ஓயாது. சொந்தப் பட்டா நிலத்துப் பண்ணைக் குட்டையில் மக்கிய எருவை அளவாகப் போடுவது வேறு விஷயம். பொதுக் குளத்தில் கோழிக்கடைக் குடலும் இறகும் கொட்டுவதை ஊர் அனுமதிக்கவே கூடாது. அது அழுகி அம்மோனியா ஏறும், மாடு தண்ணீர் குடிக்காது, பக்கத்துக் கிணற்றில் வாடை வரும். ஆடு மாடு குடிக்கவும் கிணற்றுக்கு ஊறவும் நிற்கும் தண்ணீரில் மீன் தானாக மேய்ந்து வளரட்டும். எடை கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

9. "கடல்ல தடைக்காலம் வெக்கறாங்களே, குளத்துக்கும் அப்படி வேணுமுங்களா?"

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகக் கூடாது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கோவை உக்கடம் மார்க்கெட்டில் அந்த மாதங்களில் கடல்மீன் விலை ஏறுவது இதனால்தான். மீன் இனப்பெருக்கம் செய்ய விடுவதற்கான ஏற்பாடு அது.

கட்லா, ரோகு, மிர்காலுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. ஓடும் வெள்ளத்தில் முட்டையிடும் மீன்கள் அவை, நிற்கும் குளத்தில் பெருகாது. நாட்டு மீன்களுக்குத்தான் தடைக்காலம் வேண்டும். விரால், கெளுத்தி, குரவை, ஆரால் எல்லாம் முதல் வெள்ளத்தோடு முட்டையிடக் கிளம்பும். அந்த நேரம் பார்த்துப் பள்ளத்து வாயிலும் (ஓடை குளத்தில் சேரும் இடம்) கலிங்கிலும் (நிறைந்த தண்ணீர் வழிந்து போகும் இடம்) கூடு கட்டிச் சினை மீனைப் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. முதல் நீர்வரத்து நாளில் இருந்து 30 நாள் அந்த இரண்டு இடத்திலும் எதுவும் வைக்கக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு வைத்தால் போதும். தாய் விரால் சிவந்த குஞ்சுக் கூட்டத்துக்குக் காவலாகக் கோரைப் புல் ஓரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தத் தாயைத் தூண்டிலில் தூக்கினால் கூட்டம் முழுவதும் மற்ற மீனுக்கு இரை. குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள், அவர்கள்தான் தூண்டிலோடு கரையில் உட்கார்பவர்கள்.

கடலோரத்தில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று உண்டு. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று முறை இருக்கிறது. வலைகள் ஒன்றோடு ஒன்று சிக்கிச் சண்டை வராமல் இருக்க நாளைப் பிரித்துக்கொண்டார்கள். உங்கள் குளத்தில் தூண்டில்காரர், வீச்சு வலைக்காரர், செவுள் வலைக்காரர் மூவரும் இருந்தால் இடத்தையோ நாளையோ இப்படிப் பிரியுங்கள்.

10. "ராத்திரியில வந்து வலை போட்டு அள்ளிட்டுப் போயர்றாங்க. என்னதான் பண்றது?"

ஆழமான இடங்களில் முள்மரக் கிளைகளைக் கல் கட்டிப் போட்டுவையுங்கள். இழுவலை சிக்கிக் கிழியும், குஞ்சுக்கும் ஒளிவிடம் கிடைக்கும். எங்கே போட்டோம் என்ற குறிப்பு குழுவிடம் இருக்கட்டும், அறுவடையின்போது எடுக்க வேண்டும். காவலை முறை வைத்து நடத்துங்கள். ஒரே ஆளைச் சம்பளத்துக்கு வைத்தால் அவரோடு உடன்பாடு செய்துகொண்டு பிடிப்பது நடக்கிறது.

உறுப்பினர் விதியை மீறினால் சங்க விதிப்படி அபராதம் போடலாம். வெளியாளுக்கு அபராதம் போடவோ வண்டியைப் பிடித்துவைக்கவோ சங்கத்துக்கு அதிகாரம் இல்லை, போலீசில் புகார்தான் கொடுக்க வேண்டும். தோட்டா வெடித்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது 1897-ஆம் வருஷத்து மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். மின்கம்பியில் கொக்கி போட்டுத் தண்ணீரில் கரண்ட் விடுகிறவரைப் பார்த்தால் தண்ணீர்ப் பக்கம் போகாமல் முதலில் மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பைத் துண்டிக்கச் செய்யுங்கள். ஆளே சாகும் வேலை அது.

11. "காலையில பார்த்தா மீனெல்லாம் செத்து மிதக்குது. மருந்து கலந்துட்டாங்களா?"

எல்லாச் சாவும் விஷம் இல்லை. விடிகாலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது, முதலில் பெரிய மீன் செத்தது, முந்தின நாள் மேகமூட்டம் அல்லது திடீர் மழை என்றால் அது ஆக்சிஜன் குறைவு. எந்த நேரத்திலும் சாவு, சின்ன மீனும் தவளையும் சேர்ந்து சாவது, மீன் துள்ளிச் சுழன்று சாவது என்றால் விஷமோ கழிவோ. கோவை நகரத்துக் குளங்களில் முதல் மழைக்குப் பிறகு மீன் மிதப்பது பெரும்பாலும் சாக்கடையில் தேங்கியது மொத்தமாக அடித்துக்கொண்டு வருவதால்.

முன்கூட்டியே பார்க்க ஒரு வழி: வெயில் நேரத்தில் கையை முழங்கை வரை நேராகத் தண்ணீரில் இறக்குங்கள். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல் நனையும்போதே உள்ளங்கை பச்சையில் மறைந்தால் பாசி அளவு மீறிவிட்டது. முழங்கைக்குக் கொஞ்சம் முன்னால் மறைந்தால் சரியான அளவு. மீன் வாய் திறக்க ஆரம்பித்துவிட்டால் மோட்டார் வைத்துக் குளத்துத் தண்ணீரையே எடுத்து மேலே பீய்ச்சி அடியுங்கள். போர் தண்ணீரை நேராக விடுவதில் பயன் இல்லை, அதிலேயே ஆக்சிஜன் குறைவு.

விஷம் என்று சந்தேகம் வந்தால் அந்த மீனை யாரும் எடுக்கவோ விற்கவோ விடக் கூடாது. 2 லிட்டர் சுத்தமான கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, நீர்வரத்து வாயில் ஒன்றும் நடுக்குளத்தில் ஒன்றுமாக விளிம்பு வரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கொடுங்கள். நேரம் தெரியும்படி போட்டோ எடுங்கள். பிறகு கரையில் இருந்து தள்ளிக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

12. "நொய்யல் தண்ணி வர்ற குளத்து மீனைத் திங்கலாமுங்களா?"

சோதிக்காமல் சொல்ல முடியாது. சோதிக்கும் வரை விடவும் வேண்டாம், தின்னவும் வேண்டாம். நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி வெள்ளாமை அழிந்ததை இந்தப் பகுதி மறக்காது. 2011-இல் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவைச் சுத்திகரித்தால்தான் ஆலையைத் திறக்கலாம் என்றானது. ஆனால் நகரச் சாக்கடை இன்றும் பல இடங்களில் கலக்கிறது.

ஈயம், காட்மியம், குரோமியம் போன்றவை அடிச்சேற்றில் தங்கி மீனின் ஈரல், செவுளில் சேரும். அடியில் மேயும் மிர்காலிலும் சாதாக்கெண்டையிலும் கூடுதலாகச் சேரும். உப்பு மஞ்சள் போட்டுக் கழுவினாலும் எண்ணெயில் பொரித்தாலும் போகாது. தண்ணீரை மட்டும் சோதித்து "நல்லா இருக்கு" என்று முடிவு செய்யாதீர்கள், சேற்றையும் மீன் சதையையும் சோதிக்கக் கேளுங்கள். மீன் குத்தகைப் பணத்துக்காக இந்தச் சோதனையைத் தள்ளிப்போடும் ஊராட்சியை கிராம சபையில் கேள்வி கேட்பது உங்கள் கடமை.

13. "ஆகாயத்தாமரைக்குப் புல்கெண்டை விட்டாப் போதுமாமே?"

போதாது. புல்கெண்டை தண்ணீருக்குள் வளரும் வேலம்பாசி போன்றவற்றை விரும்பித் தின்னும், ஆகாயத்தாமரையைச் சீண்டாது. ஆளோ இயந்திரமோ வைத்து அள்ளிக் கரைக்கு மேலே போட வேண்டும். மருந்தடித்து அப்படியே விட்டால் அழுகி, 7-இல் சொன்ன கதைதான். சாக்கடை வரத்து நிற்காமல் தாமரை நிற்காது.

14. "வெவசாயிக்குத் தண்ணி வேணும், மீனுக்குத் தண்ணி நிக்கோணும். யாரு பக்கம் பேசறது?"

கூட்டங்களில் கடைசியில் சத்தம் கூடுவது இதற்குத்தான். தண்ணீர் நிறைய இருக்கும்போதே, அதாவது ஐப்பசி கார்த்திகையில், ஒரு மட்டத்தை முடிவு செய்யுங்கள். மதகுச் சுவரில் பெயிண்டால் கோடு போடுங்கள். கோட்டுக்கு மேல் உள்ள தண்ணீர் பாசனத்துக்கு. கோட்டுக்குக் கீழே உள்ளது ஆடு மாட்டுக்கும் கிணற்றூற்றுக்கும் மீனுக்கும். பங்குனியில் உட்கார்ந்து பேசினால் எவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

கோட்டைத் தொடும் முன்பே மீன் பிடிப்பை ஆரம்பித்துவிடுங்கள். அரைக் கிலோவுக்கு மேல் போனதை முதலில் எடுத்துக்கொண்டே வந்தால் மிஞ்சிய தண்ணீர் மிஞ்சிய மீனுக்குப் போதும். கண்ணியை இழுத்துப் பிடித்து அளந்தால் 4 அங்குலத்துக்குக் குறையாத வலைதான் இதற்கு ஏற்றது. ஒரே நாளில் மொத்தமும் பிடித்தால் வியாபாரி சொல்வதே விலை.

15. "எங்க குளத்துக்கு வெளிநாட்டுப் பறவையெல்லாம் வருது. மீனைத் தின்னுருமே, வெரட்டலாமுங்களா?"

வெடி போட்டு விரட்டக் கூடாது, சட்டமும் அனுமதிக்காது. 6-இல் சொன்ன மாதிரி விரல் நீளக் குஞ்சு விட்டால் சேதம் குறையும். குளம் வெள்ளோடு, நஞ்சராயன் குளம் போலச் சரணாலயமாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் வலையே இறக்க முடியாது.

16. "மொத வருசம் நல்லா நடந்துச்சு, அப்பறம் சங்கம் படுத்துருச்சுங்க. பணத்தை எப்படிப் பிரிக்கறது?"

பெரும்பாலும் இரண்டு காரணம்: கணக்கு ஒருவர் வீட்டில் இருந்தது, அடுத்த வருஷக் குஞ்சுக்குப் பணம் எடுத்துவைக்கவில்லை. எடை கரையிலேயே, எல்லோர் முன்னும் போடுங்கள். அன்றைய எடை, விலை, வாங்கியவர் மூன்றையும் கோயில் சுவரிலோ ஊராட்சிப் பலகையிலோ அன்று சாயங்காலமே எழுதுங்கள். ஊர்க்காரருக்கு வியாபாரி விலைக்கே கரையில் கொடுங்கள். ஓசி மீன் யாருக்கும் கிடையாது, தலைவருக்கும்தான். ஓசியில் தொடங்கும் மனத்தாங்கல்தான் அடுத்த ஏலத்தில் வெளியாளுக்குக் கதவைத் திறக்கிறது.

வந்த பணத்தில் முதலில் குத்தகைத் தொகை, பிடித்தவர்கள் கூலி, கடன். மிச்சத்தைப் பிரிக்கும் முன் அடுத்த வருஷக் குஞ்சுச் செலவையும், தண்ணீர் வராத ஒரு வருஷத்துக் குத்தகைத் தொகையையும் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். அதற்கும் மேல் இருப்பதில் ஒரு பங்கு கரைக்கும் வரத்துப் பள்ளத்துக்கும், மீதி வேலை செய்தவர்களின் நாள் கணக்குப்படி. இந்தப் பிரிப்பு முறை முதல் குஞ்சு விடும் முன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தாகியிருக்க வேண்டும். மீன் கரைக்கு வந்த பிறகு எழுதினால் எழுதும் ஒவ்வொரு வரியிலும் சண்டை வரும்.